கல்பாசி கருகியது எனக்குத் தெரியவில்லை

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, எங்கள் செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டில் மசாலா வறுத்துக்கொண்டிருந்தேன். மிளகாய், மல்லி, சோம்பு, மிளகு எல்லாம் தனித்தனியாக வறுபட்டு முறத்தில் ஆறிக்கொண்டிருந்தன. மிச்சமிருந்தது கடைசிச் சுற்று: ஒரு கரண்டி எண்ணெய், பட்டை, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, ஒரு கைப்பிடி கல்பாசி. அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து தம்பி அழைத்தான். கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவன் மகளின் கல்லூரிக் கட்டணக் கதையைக் கேட்டபடி கரண்டியைப் பிடித்து நின்றேன்.

வளவில் (வீட்டின் முற்றத்துப் பகுதி) ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த ஆத்தா அங்கிருந்தே கத்தினாள். "உமையாள்! கல்பாசி கருகுகிறது. அங்கே என்னதான் செய்துகொண்டிருக்கிறாய்?"

குனிந்து பார்த்தால் சட்டியில் கரி. புகை என் முகத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனது. கண் எரிந்தது, தொண்டை கமறியது. மணம் மட்டும் இல்லை. 84 வயது ஆத்தாவுக்கு இரண்டு நிலைவாசல் தாண்டி எட்டியது, சட்டிக்கு இரண்டடியில் நின்ற எனக்கு எட்டவில்லை.

அதற்கு மூன்று வாரம் முன்பு, ஐப்பசி அடைமழையில், முற்றத்து ஓரத்தில் வழுக்கி விழுந்திருந்தேன். ஆத்தங்குடிக் கல் காய்ந்திருக்கும்போது பாதத்துக்குச் சுகம். நனைந்துவிட்டால் அதற்குத் தயவுதாட்சண்யம் கிடையாது. பின்மண்டை படிக்கல்லில் மோதியது. நான்கு தையல், இரண்டு நாள் தலைச்சுற்றல், ஒரு ஸ்கேன். "ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்று வாரமும் சாப்பாடு சப்பென்று இருந்ததற்கு மழைக்காலச் சளிதான் காரணம் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். கல்பாசி கருகிய பிறகு வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் மூக்கினுள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "மூக்கு நன்றாக இருக்கிறது. நரம்பு அறுந்திருக்கலாம். வந்தால் வரும்" என்றார். வந்தால் வரும்! 31 ஆண்டு விலங்கியல் நடத்திவிட்டு ஓய்வுபெற்றவளிடம் சொல்லும் பதிலா இது?

கோபம் தணிந்த பிறகு ஒரு விஷயம் உறைத்தது. அந்த 31 ஆண்டும் நான் கரும்பலகையில் மூக்கை வரைந்து, மூளையை வரைந்து, நடுவில் ஓர் அம்புக்குறி போட்டு, "முகர் நரம்பு" என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். அந்த அம்புக்குறி எப்படிப் போய்ச் சேருகிறது என்று ஒரு மாணவியும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. மூக்கு போனபிறகு கையில் நேரம் நிறைய இருந்தது, உட்கார்ந்து படித்தேன்.

மூக்கின் உச்சியில், இரு கண்களுக்கும் நடுவிலான உயரத்தில், சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் முகரும் நரம்புச்செல்கள் இருக்கின்றன. ஒரு முனை காற்றைப் பார்த்தபடி சளிப்படலத்தில் மிதக்கிறது. மறுமுனையிலிருந்து ஓர் இழை மேலே கிளம்பி, சல்லடை எலும்பின் ஓட்டைகள் வழியே மண்டைக்குள் நுழைந்து, மூளையின் அடியில் இருக்கும் முகர்குமிழில் முடிகிறது. இந்த இழை ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு கனம்தான். உடம்பிலேயே மிக மெல்லிய நரம்பிழைகளில் ஒன்று. மற்ற பல நரம்புகளுக்கு இருக்கும் கொழுப்புறைகூட இதற்குக் கிடையாது. பின்மண்டையில் அடி விழும்போது மூளை முன்னும் பின்னும் நழுவுகிறது, எலும்பு நகர்வதில்லை. இடியாப்பம் பிழியும்போது அச்சுக்கு அடியில் விரலால் ஓர் இழுப்பு இழுத்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகும். அடி பின்னால் விழுந்தாலும் சேதம் முன்னால் நேர்வது இதனால்தான். கண் எரிந்ததற்கும் விளக்கம் கிடைத்தது: எரிச்சலைச் சுமக்கும் முக்கிளை நரம்பு வேறு பாதை, அதற்கு இந்தச் சல்லடையோடு சம்பந்தமில்லை.

ஆனால் இந்தச் செல்களுக்கு வேறெந்த நரம்புச்செல்லுக்கும் எளிதில் வாய்க்காத ஒரு வரம் இருக்கிறது. தூசிக்கும் கிருமிக்கும் நேரடியாக முகம் காட்டுவதால் சில மாதங்களில் செத்துப்போகின்றன. அடியிலிருக்கும் மூலச்செல்கள் புதிதாக நரம்புச்செல்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. பிறக்கும் ஒவ்வொரு செல்லும் தன் இழையை நீட்டி, அந்தச் சல்லடையில் ஓர் ஓட்டையைத் தேடி, இருட்டில் மூளைக்குள் போய், தனக்கான இடத்தில் இறங்க வேண்டும். தாயின் வயிற்றில், கருவுக்கு இரண்டு மாதம்கூட நிரம்பாத காலத்தில் தொடங்கும் யாத்திரை இது.

தனக்கான இடம் என்றால் எது? இதைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டுப் பாத்திரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் பதினொரு புள்ளி. கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும் ஒரு புள்ளி. வளவைச் சுற்றி ஆளுக்கு ஓர் அறை. இப்போது ஒன்பது அறைகளில் பூட்டு. முன்னோருக்குப் படையலிடும் படைப்பு அன்றைக்கு மட்டும் எல்லா அறைகளும் திறக்கும். அண்டா, தூக்கு, கரண்டி, சம்படம் என்று பதினொரு அறையிலிருந்தும் வெளியே வந்து, சமையலில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். பந்தி முடிந்து கழுவிக் கவிழ்த்தபிறகு எப்படிப் பிரிப்பது? ஒவ்வொன்றின் விளிம்பிலும் விலாசம் வெட்டியிருக்கும். எங்கள் பேச்சில் விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும் மட்டும் ஆகாது. பாட்டனார், தகப்பனார் என்று வரிசையாக முன்னோர் பெயர்களின் முதல் எழுத்துகள். அதுவே ஆளின் அடையாளம், அதுவே கடையின் பெயர். ரங்கூனிலிருந்து வந்த கடிதங்களில் விலாசத்தையும் ஊரையும் மட்டும் எழுதியிருப்பார்கள் என்று ஆத்தா சொல்வாள். நீ யார் என்பதும் நீ எங்கே போக வேண்டும் என்பதும் ஒரே எழுத்துகளில் அடங்கிவிடும்.

மூக்கிலும் இப்படித்தான் இருக்கிறது என்று தெரிந்தபோது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

1991ல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் எலியினத்தில் முகர் ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள். 2004ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. சுண்டெலிக்கு ஏறத்தாழ ஆயிரம் வகை ஏற்பிகள். மனிதருக்கு வேலை செய்பவை 400 அளவில். ஏற்பி என்பது செல்லின் மேல் இருக்கும் புரதப் பூட்டு. குறிப்பிட்ட மணமூலக்கூறுகள் வந்து பொருந்தினால் திறக்கும். ஆயிரம் வகை மரபணுக்கள் கையில் இருந்தும் ஒரு நரம்புச்செல் அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்கிறது. அதிலும் தாய்வழி, தகப்பன்வழி என இரண்டு பிரதிகள் இருந்தால் ஏதோ ஒரு பிரதியை மட்டும். ஆயிரம் எழுத்து அச்சுகளில் ஒன்றை எடுத்துத் தன்மேல் குத்திக்கொண்டு, மற்றவற்றை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறது.

ஒரே ஏற்பியைத் தாங்கிய செல்கள் மூக்கில் ஓரிடத்தில் கூட்டாக இருப்பதில்லை. சில ஆயிரம் செல்கள், மற்ற வகைகளோடு கலந்து, அகன்ற ஒரு வட்டாரம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் முகர்குமிழுக்குப் போனதும் அத்தனையும் ஒரு பக்கத்துக்கு இரண்டே இரண்டு முடிச்சுகளில் வந்து சேர்ந்துவிடுகின்றன. அந்த முடிச்சுக்கு குளோமெருலஸ் என்று பெயர். 1996ல் பீட்டர் மொம்பார்ட்ஸ், ஆக்செலின் ஆய்வகத்தில் இருந்தபோது, பி2 என்ற ஒரே ஓர் ஏற்பியைத் தாங்கிய செல்கள் மட்டும் நீலமாகத் தெரியும்படி சுண்டெலியின் மரபணுவை மாற்றி அமைத்தார். அந்தப் படத்தைப் பார்த்தேன். மூக்கெங்கும் நீலப்புள்ளிகள், அவற்றிலிருந்து நீல இழைகள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து, சல்லடையைத் தாண்டி, ஒரு நீலப்பொட்டில் போய்ச் சுருண்டு நிற்கின்றன. பாடப்புத்தகத்தில் இந்த ஒரு படம் இருந்திருந்தால் என் அம்புக்குறிக்கு வேலை இருந்திருக்காது.

அடுத்து அவர்கள் செய்தது குறும்புத்தனம். பி2 மரபணு இருந்த இடத்தில் வேறோர் ஏற்பியின் மரபணுவை வைத்தார்கள். பாத்திரத்தின் விளிம்பைத் தேய்த்து வேறு எழுத்து வெட்டுவதுபோல. இழைகள் பழைய முடிச்சுக்குப் போகவில்லை. ஆக, மணத்தைப் பிடிக்கும் அதே ஏற்பிதான் போகும் இடத்தையும் தீர்மானிக்கிறது. பின்னால் அந்த ஏற்பிப் புரதம் இழையின் நுனியிலும் இருப்பதையே கண்டார்கள். அடையாளமும் விலாசமும் ஒன்று.

ஆனால் இங்கே என் பாத்திரக் கதையில் ஒரு விரிசல். எழுத்து மாற்றிய அந்த இழைகள் புதிய எழுத்துக்குரிய அறைக்கும் போகவில்லை. இரண்டுமில்லாத மூன்றாவது ஓர் இடத்தில் இறங்கின. அப்படியானால் ஏற்பி மட்டுமே முழு விலாசம் இல்லை. ஊர் பெயரும் வேண்டியிருக்கிறது: அந்தச் செல் மூக்கின் எந்தப் பகுதியில் பிறந்தது என்பது. மூக்கின் மேற்பகுதிச் செல்கள் முகர்குமிழின் மேற்பக்கத்துக்கும், கீழ்ப்பகுதிச் செல்கள் கீழ்ப்பக்கத்துக்கும் போகின்றன. மேற்பகுதி இழைகள் முதலில் போய்ச் சேருகின்றன. போனவை செமாஃபோரின் என்ற விரட்டும் புரதம் ஒன்றைக் கசியவிடுகின்றன. பின்னால் வருபவை அது ஆகாமல் கீழே ஒதுங்குகின்றன. கல்யாணத்துக்கு முதலில் போனவர்கள் பட்டாலையில் சமுக்காளத்தைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வருகிறவர்களுக்குத் திண்ணை என்பது மாதிரி.

மேல் கீழ் சரி, முன் பின்? என்னை நாலைந்து நாள் தூங்கவிடாத கேள்வி இதுதான். மணத்தைப் பிடிக்கும் புரதம் எப்படி வழி காட்டும்? கருவில் காற்றே இல்லை, முகர்வதற்குக் கல்பாசியா இருக்கிறது?

விடை தோக்கியோவிலிருந்து வந்தது. ஹிதோஷி சகானோவின் குழுவினர் 2006லும் 2013லும் படிப்படியாகக் காட்டினார்கள்: ஏற்பி எந்த மணமும் படாதபோதும் முழுதாகச் சும்மா இருப்பதில்லை. யாரும் ஆட்டாத ஊஞ்சல்கூட முற்றத்துக் காற்றில் கொஞ்சம் ஆடும், சங்கிலி முனகும். ஒவ்வொரு வகை ஏற்பிக்கும் அந்தச் சும்மா ஆட்டம் ஒவ்வோர் அளவு. ஆட்டத்துக்கு ஏற்றபடி செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு கூடும், குறையும். அது கூடினால் நியூரோபிலின் என்ற புரதம் இழையின் மேல் அதிகம் உண்டாகும், குறைந்தால் குறையும். நியூரோபிலின் அதிகமான இழைகள் முகர்குமிழின் பின்பக்கம் போகின்றன, குறைந்தவை முன்பக்கம். ஆயிரம் வகை ஏற்பிக்கு ஆயிரம் வழிகாட்டிகள் தேவையில்லை. ஒரே அளவுகோலில் வெவ்வேறு அளவுகள் போதும். நான் இதை வாசித்துவிட்டு எழுந்து போய் எங்கள் ஊஞ்சலையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆத்தா, "என்ன, கழன்றுவிட்டதா?" என்றாள். ஊஞ்சலைக் கேட்டாளா என்னைக் கேட்டாளா என்று தெரியவில்லை.

இன்னும் ஒன்று. இந்த வரிசை முகர்குமிழுக்குப் போனபிறகு அமைவதில்லை, வழியிலேயே அமைந்துவிடுகிறது. அதே குழுவினர் 2009ல் காட்டியது இது. நியூரோபிலின் குறைந்த இழைகள் செமாஃபோரின் குடும்பத்தின் மற்றொரு புரதத்தை அதிகம் வைத்திருக்கின்றன. அது நியூரோபிலின் அதிகமுள்ள இழைகளைத் தள்ளுகிறது. ஒரே கட்டாக நடந்துபோகும்போதே ஒருவரையொருவர் இடித்து, ஒதுக்கி, வரிசை பிடித்துக்கொண்டு போகிறார்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகும் நகரத்தார் காவடிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலை கண்ணில் படுவதற்கு வெகுமுன்பே யார் முன்னால், யார் பின்னால் என்பது முடிவாகியிருக்கும்.

இதைவிட வியப்பு, 2003ல் வந்த ஒரு சோதனை. மரபணுக் குறையால் முகர்குமிழே உருவாகாத சுண்டெலிகள் உண்டு. அவற்றின் மூக்கிலிருந்து கிளம்பிய இழைகள் போய்ச்சேர இடமில்லாமல் வெளியே ஒரு திரளாக நின்றுவிடுகின்றன. அந்தத் திரளுக்குள் பார்த்தால், ஒரே ஏற்பியைத் தாங்கியவை தமக்குள் சேர்ந்து முடிச்சுப் போட்டிருக்கின்றன. வீடே கட்டவில்லை, ஆனாலும் புள்ளிகள் பிரிந்து உட்கார்ந்துவிட்டன.

கடைசிக்கட்டத் துல்லியத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பக்கத்து முடிச்சுகள் கலந்துவிடாமல் இருக்க, செல்லின் மின் செயல்பாட்டைப் பொறுத்து சில ஒட்டும் புரதங்கள், கிர்ரல் என்று பெயர், இழை நுனியில் வருகின்றன. ஒரே மாதிரி நுனிகள் ஒட்டிக்கொள்கின்றன. எஃப்ரின் என்ற வேறொரு வகை, வேறு மாதிரி நுனிகளைத் தள்ளிவைக்கிறது. இதற்குமேல் போனால் நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிடுவீர்கள்.

பழ ஈயைப் பற்றி மட்டும் ஓர் இடைச்செருகல். அதற்கும் முகர் முடிச்சுகள் இருக்கின்றன, ஐம்பது அளவில். பார்ப்பதற்கு நம்முடையதைப் போன்ற அமைப்புதான். ஆனால் அங்கே ஏற்பிக்கு வழி காட்டும் வேலையே இல்லை. மூளைப்பக்கத்துச் செல்கள் முன்கூட்டியே தங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கின்றன. ஒரே பிரச்சினைக்கு இயற்கை இரண்டு விடை எழுதியிருக்கிறது. தேர்வுத்தாள் திருத்திய பழக்கத்தில் சொல்கிறேன், இரண்டுக்கும் முழு மதிப்பெண்.

இன்னொன்றையும் விட மனமில்லை. கருவில் இந்த இழைகள் போட்ட பாதையில் மணத்தோடு சம்பந்தமே இல்லாத சில செல்களும் தொற்றிக்கொண்டு போகின்றன. மூக்கில் பிறந்து, முகர் இழைகளைப் பிடித்தபடி மூளைக்குள் போய், பூப்பெய்துவதற்கான ஹார்மோனைத் தூண்டும் வேலையில் அமர்பவை அவை. பாதை நடுவில் முறிந்துவிட்டால் அவையும் போய்ச்சேருவதில்லை. பிறவியிலேயே மணம் தெரியாமலும் பருவம் வராமலும் இருக்கும் கால்மன் நோய்க்குறிக்கு இது ஒரு காரணம். மூக்குக்கும் பூப்புக்கும் என்ன உறவு என்று நான் நடத்திய அத்தனை ஆண்டில் ஒருநாளும் யோசித்ததில்லை.

பங்குனியில் என் மூக்கு திரும்பியது. திரும்பிய விதம்தான் சரியில்லை.

ஒரு விடியற்காலை. ஆத்தாவுக்குக் காபி இறக்கிக்கொண்டிருந்தேன். டிகாஷன் சொட்டச் சொட்ட, எலி செத்த இடத்தில் டயர் கொளுத்தியதுபோல ஒரு நாற்றம். பாலைக் கொட்டினேன், வடிகட்டியைத் தேய்த்தேன், பொடியைத் தூக்கி வெளியே வைத்தேன். ஆத்தா எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "நல்ல பொடியைக் கொட்டாதே. உனக்குத்தான் என்னமோ" என்றாள். வெங்காயம் வதக்கினாலும் அதே நாற்றம். உப்புக்கறி வெந்தபோது நான் தெருவுக்கே போய்விட்டேன். தம்பி தொலைபேசியில் (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்), "ஆச்சி, மணம் வந்துவிட்டது என்கிறீர்கள், சந்தோஷம்தானே?" என்று கேட்டான். என் பதிலை இங்கே எழுதுவதற்கில்லை.

இதற்கும் பெயர் இருக்கிறது, பரோஸ்மியா. காபியும் வெங்காயமும் வறுத்த கறியும்தான் இந்தக் கோளாறு உள்ளவர்கள் பலரையும் விரட்டுகின்றன. அவற்றில் உள்ள சில கந்தகச் சேர்மங்கள் மிக நுண்ணிய அளவிலேயே மூக்கை உலுக்கக்கூடியவை.

இரண்டு எலிச் சோதனைகளை நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டும் 2000ஆம் ஆண்டில் வந்தவை. ஒன்றில், பி2 செல்களை மட்டும் தேர்ந்து கொன்றார்கள். மற்றவை அப்படியே இருந்தன. புதிதாகப் பிறந்த பி2 செல்களின் இழைகள் தம் பழைய முடிச்சுக்கே போய்ச் சேர்ந்தன. மற்றொன்றில், நரம்புக்கட்டையே வெட்டிவிட்டார்கள். மீண்டும் வளர்ந்தன, ஆனால் பி2 இழைகள் பழைய இடத்தை விட்டு வேறு இடங்களில் இறங்கின. கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் சேருகிறவன் தொலைவதில்லை. கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் கலைந்து, எல்லோரும் புதிதாகக் கிளம்பினால்தான் சிக்கல். முதல் பாதையைப் போடும் கெட்டிக்காரத்தனம் சிறு வயதுக்குரியது என்பதை 2014ல் வந்த ஆய்வுகளும் சொன்னன: சுண்டெலி பிறந்தபின் ஒரு குறுகிய காலம் வரைதான் கலைந்த வரைபடத்தைத் திருத்திக்கொள்ள முடிகிறது. பிற்பாடு வருகிறவை, ஏற்கெனவே இருக்கும் தடத்தைப் பார்த்து நடக்கின்றன.

என் மண்டையைத் திறந்து யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், அறுந்த இழைகளுக்குப் பதிலாகக் கிளம்பிய புதியவை தழும்பேறிய சல்லடையில் கிடைத்த ஓட்டையில் நுழைந்து, முன்னால் போகிறவர் யாரும் இல்லாமல், கிடைத்த அறையில் படுத்துவிட்டன. காபிக்கான செய்தி எவர் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டிருக்கிறது. படைப்பு முடிந்து அவசரத்தில் அடுக்கிய வருடங்களில் எங்கள் தூக்கு பெரியப்பச்சி அறைக்கும், அவர்கள் சம்படம் எங்கள் அறைக்கும் போனதுண்டு. அடுத்த வருடம் திறந்து, விளிம்பைத் தடவிப் பார்த்து மாற்றிக்கொள்வோம். இங்கே மாற்றிக்கொள்ள வாய்ப்பு ஒன்றுதான்: தவறாகப் போன செல்லும் சில மாதத்தில் சாகும், புதியது வரும், அது சரியாகப் போகக்கூடும்.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மெல் என்ற மருத்துவர் 2009ல் ஒரு பயிற்சியை வெளியிட்டார். நான்கு மணங்கள்: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. காலையும் மாலையும் முகர வேண்டும், 12 வாரம். செய்தவர்களுக்குச் செய்யாதவர்களைவிட முன்னேற்றம் கூடுதல் என்று கண்டார். அவற்றைப் புட்டியில் விற்கிறார்கள் என்று தம்பி சொன்னான். செட்டிநாட்டில் பிறந்து கிராம்பு மணத்தைப் புட்டியில் வாங்குவதா? பன்னீர், நீலகிரித் தைலம், எலுமிச்சைத் தோல், அஞ்சறைப்பெட்டிக் கிராம்பு. நான்கு சிறு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு ஆத்தாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஆத்தா இதை ஒரு பள்ளிக்கூடமாகவே ஆக்கிவிட்டாள். காலை காபிக்குப் பிறகு (அவளுக்குக் காபி, எனக்கு மோர்) ஊஞ்சலில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொன்றாக நீட்டுவாள். சித்திரை முழுக்க நான்குமே ஈரச்சாக்கு. வைகாசியில் தைலம் மட்டும் தனியாகப் பிரிந்தது, ஆனால் அதில் ஒரு பங்கு மூக்கு எரிச்சல்தான் என்று எனக்குத் தெரியும், கணக்கில் சேர்க்கவில்லை. ஆனியில் ஒருநாள் கிராம்பு, கிராம்பாக இல்லாமல், பழைய தேக்கு அலமாரியைத் திறந்தால் வருமே அந்த மணமாக வந்தது. மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். தவறுதான், ஆனால் நிலையான தவறு. நான் அதற்கே சந்தோஷப்பட்டேன். இதை ஆத்தாவுக்கு விளக்கப் போனேன், விலாசம், புள்ளி எல்லாம் சொல்லி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் கிராம்பைப் பார்த்தால் அலமாரி என்று நினைத்துக்கொள். அலமாரியைப் பார்த்தால் என்ன நினைப்பாய்?" என்றாள். என் மாணவிகளில் ஒருத்தியாவது இப்படிக் கேட்டிருக்கலாம்.

ஆத்தாவாகவே ஐந்தாவதாக ஒரு சம்படம் சேர்த்திருக்கிறாள். ஹும்மெல் பட்டியலில் இல்லாதது. கல்பாசி. அது செடியே இல்லை, பூஞ்சையும் பாசியும் கூடி வாழ்வது, பச்சையாக இருக்கும்போது மணம் அவ்வளவாக வராது, எண்ணெயில் பொரிந்தால்தான் வரும் என்று பாடம் நடத்தினேன். அதற்காகத் தினமும் ஒரு சிட்டிகையைத் தாளிப்புக் கரண்டியில் பொரித்துக் கொண்டுவருகிறாள். 84 வயதில் இரண்டாங்கட்டுக்கும் வளவுக்கும் இரண்டு நடை. கருகவிடுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை ஆடிக் கும்மாயத்துக்கு உளுந்து வறுத்தோம். நான் கிளறினேன், ஆத்தா மணையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கட்டத்தில் சட்டியிலிருந்து ஏதோ வந்தது. உளுந்து மணமா என்று சொல்ல முடியாது. முன்பு இருந்ததுபோல இல்லை. காபியின் அந்த நாற்றமும் இல்லை. வறுபட்ட ஏதோ ஒன்று. நான் கரண்டியை நிறுத்தி, "ஆத்தா, இறக்கிவிடலாம்" என்றேன்.

ஆத்தா மூக்கை லேசாகத் தூக்கினாள்.

"இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. கிளறு."